கேட்காமல் கொடுத்த மின்சாரம்

மரகத நகர் மூன்றாவது தெருவில் காபிப்பொடி, தயிர் உறை கேட்டு அடுத்த வீட்டுக்குப் போகிற பழக்கமெல்லாம் நின்று பல காலமாகிவிட்டது. மின்சாரம் மட்டும் வீட்டுக்கு வீடு போய் வந்துகொண்டிருந்தது.

எல்லா வீட்டு மாடியிலும் சோலார் பலகைகள். எல்லா வீட்டு முன்னறைச் சுவரிலும் வெள்ளையாக ஒரு பேட்டரி, சின்ன அலமாரியைத் தூக்கி மாட்டினது போல. சிலர் ஆயுத பூஜைக்கு அதற்குப் பொட்டுகூட வைத்தார்கள். மேலே ஒரு விளக்கு உண்டு. பச்சை எரிந்தால் ராஜ வாழ்க்கை. மஞ்சள் எரிந்தால் மிக்சியைத் தொடாதே. சிவப்பு எரிந்தால் விசிறி மட்டையைத் தேடு. எல்லாப் பேட்டரிகளும் தரைக்கடியில் ஓடும் ஒரே கம்பியால் கோக்கப்பட்டிருந்தன. ஒரு வீட்டில் மிஞ்சியது இன்னொரு வீட்டுக்குப் போகும். கம்பெனி இதற்குத் தெருக்கூட்டு என்று பெயர் வைத்திருந்தது. வருஷம் தவறாமல் புயல் வந்து தங்கிவிட்டுப் போகும் கடலூரில் இது விற்காமல் வேறு எது விற்கும்?

விற்றவன் பூபாலன். தெரு முனையிலேயே குடியிருந்தான். பேச்சில் அவனை மடக்க ஆள் கிடையாது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அவன் முதன்முதலாக இதை விளக்கியபோது, சங்கத் தலைவர் குமரகுரு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"எல்லாம் சரிப்பா. கரண்ட்டு கம்மியா இருக்குது, கேக்குற வீடு ஜாஸ்தியா இருக்குதுன்னு வெய்யி. யாருக்கு மொதல்ல குடுக்கணும்னு யாரு முடிவு பண்றது? கம்பெனியா, கவர்மென்ட்டா?"

"ரெண்டும் இல்ல தலைவரே, நீங்கதான்" என்றான் பூபாலன். "ஒரு வீட்ல கொறஞ்சா, மத்த வீட்டு பேட்டரிங்க திரையிலயும் உங்க போன்லயும் உங்களக் கேக்கும். முழுசா குடுக்கலாமா, பாதி குடுக்கலாமா, வேணாமான்னு. நீங்க என்ன அழுத்துறீங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கும். எந்த மாதிரி மெஷினுக்கு மனசார குடுக்குறீங்க, எதுக்கு மொகம் சுளிக்கிறீங்க, எல்லாத்தையும் கத்துக்கும். கொஞ்ச நாள் போனா உங்க தெருவோட மனசே அதுக்குள்ள வந்துரும்."

"எங்க மனசா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அது அவ்ளோ ஒண்ணும் ஒசத்தி இல்லியே தம்பி!"

கூட்டமே சிரித்தது. சொன்னது செபஸ்தியான், பதினாலாம் நம்பர் வீட்டுக்காரர். அன்றைக்கு அவரால் கூட்டத்துக்கு நடந்து வரவும், சிரித்துவிட்டு இருமாமல் இருக்கவும் முடிந்தது.

படகுத் துறையில் இருபது வருஷம் பெயின்ட் அடித்தவர் செபஸ்தியான். முகமூடி கொடுத்தால் புழுக்கமாக இருக்கிறது என்று கழற்றி ஏணியில் மாட்டிவிடுவார். நுரையீரல் கெட்டித்துப் போய்விட்டது, இனி அது இளகாது என்று டாக்டர் சொன்னபோது வயது ஐம்பதுகூட ஆகவில்லை. அப்புறம் வீட்டுக்கு ஓர் ஆக்சிஜன் மெஷின் வந்தது. அறையின் காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, மூக்குக் குழாய் வழியாக அவருக்குள் அனுப்பும். மாவு மெஷின் தூரத்தில் ஓடுவதுபோல் ஒரு சத்தம். ராத்திரி பகல் ஓயாது. அவர் மனைவி சகாயராணிக்கு அந்தச் சத்தத்தில்தான் தூக்கம் வரும். சத்தம் நின்றால் அவருக்குக் கொஞ்ச நேரம்தான் என்பது அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்த அவள், வேலைக்குப் போகும்போதுகூட வாசலில் நின்று ஒருமுறை காது கொடுத்துவிட்டுத்தான் போவாள்.

தெருக்கூட்டு வந்த புதிதில் பதினாலாம் நம்பருக்குக் குறைகிறது என்றால் தெருவே ‘முழுசா’ என்று அழுத்தியது. ஓடி வந்து விசாரித்தார்கள். கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆனால் அந்த மெஷின் ஒரு நாள் இரண்டு நாள் ஓடுவதில்லையே. எப்போதும் ஓடுகிறது. பேட்டரி எப்போதும் கேட்கிறது. ஒரு கோடைக்குப் பிறகு ‘முழுசா’ என்பது ‘பாதி’ ஆனது. பிள்ளைகளுக்குப் பரீட்சை, மாப்பிள்ளை வந்திருக்கிறார், ஏசி ஓடுகிறது என்று ஆளுக்கொரு நியாயம். பிறகு பலர் பதில் சொல்வதையே விட்டுவிட்டார்கள். இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் நீண்ட நாள் நோயாளி மேல் நீண்ட நாள் இரக்கப்பட நம்மில் யாராலும் முடிவதில்லை. பேட்டரி இதைக் குற்றம் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தது.

சாவு விஷயத்தில் தெரு வேறு மாதிரி.

கமலக்கண்ணன் வாத்தியார் இறந்தது ஒரு புயல் சமயத்தில். புனேயிலிருந்து மகன் வர வேண்டும். உடலை வைக்க ஐஸ் பெட்டி வந்தது, அந்தக் கண்ணாடி மூடி போட்ட வாடகைப் பெட்டிதான். தெரு முழுவதும் ‘முழுசா’ என்று அழுத்தியும் பெட்டி பாதியில் நின்றுபோனது. காரணம், ஒவ்வொரு பேட்டரியிலும் கடைசிக் கால் பங்கு அந்தந்த வீட்டுக்கே சொந்தம், யார் கேட்டாலும் வெளியே போகாது என்று பூட்டு இருந்தது. மகன் வந்து பார்த்தபோது அப்பாவின் முகம் பார்க்கிற மாதிரி இல்லை. அவன் வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுததை அந்தத் தெரு மறக்கவில்லை.

அவசரக் கூட்டம் போட்டார்கள். ஐஸ் பெட்டிக்கு என்றால் அந்தக் கடைசிக் கால் பங்கின் பூட்டையும் திறந்துவிடுவது என்று ஒருமனதாக முடிவானது. பூபாலன் தலையைச் சொறிந்தான்.

"தொறந்துரலாம். ஆனா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வீட்லயும் கேட்டுட்டுதான் எடுக்கும்."

அப்போது சகாயராணிதான் எழுந்தாள். கூட்டங்களில் அவள் பேசியதே இல்லை.

"எழவு வீட்டுக்குக் குடுக்கலாமான்னு ஒரு கேள்வியா தம்பி? யாராவது வேணாம்னு சொல்லுவாங்களா? கேக்குறதே அசிங்கம். கேக்காம எடுத்துக்கச் சொல்லு."

எல்லோரும் கைதட்டினார்கள். கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி அன்றைக்கே மாற்றப்பட்டது. குமரகுருவுக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துப்போய், பக்கத்துத் தெருக் கூட்டங்களுக்குப் போனால்கூட "எங்க தெரு ராணியம்மா ஒண்ணு சொன்னாங்க பாருங்க" என்று ஆரம்பிப்பார்.

அதற்குப் பிறகு தெருவில் சில சாவுகள். ஒருமுறைகூட ஐஸ் பெட்டி நிற்கவில்லை.

இந்த வருஷப் புயல் கரையைக் கடந்த மறுநாள் காற்று அடங்கியிருந்தது, மழை அடங்கவில்லை. மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துவிட்டன. நிமிர்த்தி நட்டுக் கரண்ட் வர ஒரு வாரமாகலாம் என்றார்கள். வானத்தில் சூரியன் இருக்கிற அடையாளமே தெரியவில்லை. பலகைகள் மேலெல்லாம் வேப்பிலையும் முருங்கைக் கிளையும் ஒட்டிக் கிடந்தன. செபஸ்தியானுக்கென்று வைத்திருந்த அவசர சிலிண்டர் புயலடித்த அன்றே, பேட்டரி சற்று நேரம் தடுமாறியபோது, தீர்ந்துவிட்டது. வேறு கொண்டுவரலாம் என்றால் சாலையில் இடுப்பளவு தண்ணீர்.

ஒன்பதாம் நம்பர் தில்லைநாயகம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு தென்னந்துடைப்பத்தோடு பதினாலாம் நம்பர் மாடிக்கு ஏறினார். மீன்வளத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகள் இளவேனில் மெல்போர்னில். சாயங்காலம் ஆனால் கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு செபஸ்தியான் வீட்டுக்கு வந்துவிடுவார். மெஷின் சத்தத்தில் இருவரும் கத்திக் கத்திச் சண்டை போட்டுக்கொண்டு ஆடுவார்கள்.

"செபா, ஒம் பலகைய பளிச்சுனு தொடச்சிட்டேன்யா" என்று ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார். "வர்ற கொஞ்ச வெளிச்சமும் ஒனக்குத்தான். எனக்கென்ன, இருட்டுல ஒக்காந்துக்குவேன்."

"போய்த் தலையத் தொவட்டுய்யா, சளி புடிச்சுக்கும்" என்றார் செபஸ்தியான்.

தில்லைநாயகம் அப்புறம் தன் வீட்டுப் பலகையைத் துடைக்க ஏறினார். பாதிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

டிராக்டரில் ஏற்றி எப்படியோ ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்துவிட்டார்கள். டவர் விட்டு விட்டு வேலை செய்தது. அப்படிக் கிடைத்த ஒரு நிமிஷத்தில் இளவேனிலின் குரல் கேட்டது.

"நான் கெளம்பிட்டேன் அங்கிள். அப்பா மொகத்தப் பாக்காம எடுத்துராதீங்க. ப்ளீஸ். கமலக்கண்ணன் சாரு மாதிரி ஆயிரக் கூடாது."

"நீ வர்ற வரைக்கும் உங்கப்பா அப்படியே இருப்பாரும்மா" என்றார் குமரகுரு. "இது நம்ம தெருவு. தைரியமா வா."

சென்னையில் விமானம் இறங்கவில்லை. அவள் எங்கெங்கோ சுற்றித் திருச்சியில் இறங்கி, விருத்தாசலம் வழியாகக் காரில் வந்துகொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. ஐஸ் பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. பேட்டரிகளில் ஒவ்வொன்றாகப் பச்சை போய் மஞ்சள் வந்தது.

இளவேனில் வந்து சேர்ந்துவிடுவாள் என்று சொன்ன அன்றைக்கு மத்தியானமே சாயங்காலம் மாதிரி இருட்டிக்கொண்டிருந்தது. சகாயராணி, செபஸ்தியானுக்குக் கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டாள். முதல் நாளே ஒன்பதாம் நம்பருக்குப் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு ஓடிவந்திருந்தாள்.

"பொண்ணு வர்ற நேரம். நீ அங்க இரு ராணி" என்றார் செபஸ்தியான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டார். "பொம்பளயாளு யாராவது கட்டிப் புடிச்சுக்கணும். அது தாயில்லாத பொண்ணு."

"உங்கள தனியா வுட்டுட்டு எப்படிங்க?"

"நான் போவ முடியாது. எனக்கும் சேத்து நீதான் போவணும். நம்ம மாடியத் தொடச்சிட்டுப் போனவன்டி அவன்."

அவள் பேட்டரியைப் பார்த்தாள். மஞ்சள் எரிந்தது. ஃபேன், லைட், ஃபிரிஜ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மெஷினுக்காகச் சேர்த்து வைத்திருந்தாள். கடைசிக் கால் பங்கு வெளியே போகாது, ராத்திரி வரைக்கும் அது தாங்கும் என்று கணக்குப் போட்டாள். பூட்டைத் திறந்துவிட்ட கூட்டமும், அதில் தான் எழுந்து பேசியதும், அந்தச் சமயத்தில் அவள் நினைவுக்கு வரவேயில்லை. கொடுத்ததை நினைவில் வைத்துக்கொள்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

வாசலில் நின்று காது கொடுத்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள்.

ஒன்பதாம் நம்பரில் தெருவே இருந்தது. வாசலில் போட்டிருந்த தகரப் பந்தல் மேல் மழை கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. டவரும் போயிருந்தது. போன்களைப் பாதிப் பேர் வீட்டிலேயே போட்டுவிட்டு வந்திருந்தார்கள். சாவு வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்?

சகாயராணி ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்குள் தில்லைநாயகம் தூங்குவதுபோல் இருந்தார், முகத்தில் ஒரு வாட்டம்கூட இல்லை. பெட்டி மெதுவாக உறுமிக்கொண்டிருந்தது. அவள் அதன் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பழகின சத்தம் மாதிரியே இருந்ததால் அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. நடுவில் ஒரே ஒருமுறை பெட்டியின் விளக்கு மினுக்கென்று மங்கியது. எல்லோரும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். அடுத்த நிமிஷமே சரியாகி, முன்னைவிடத் தெம்பாக ஓடத் தொடங்கியது.

"அப்பாடா" என்றாள் சகாயராணி. "புள்ள வர்ற வரைக்கும் நிக்காம இருந்தா போதும் மாதாவே."

இளவேனில் வந்தாள். முட்டிவரை சேறு. கண்ணாடி மேல் விழுந்து "அப்பா, அப்பா" என்று கதறினாள். மூடியைத் திறந்து அவர் கன்னத்தில் கை வைக்கவிட்டார்கள். "மொகம் அப்படியே இருக்கு. எங்கப்பா அப்படியே இருக்காரு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். சகாயராணி அவளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். குமரகுரு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெரு சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் சகாயராணி எழுந்தாள். "அங்கிள் தனியா இருக்காரும்மா. ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன்."

"நானும் வந்து பாக்கணும் ஆன்ட்டி. அப்பா போன்ல எப்பவும் செபா செபான்னுதான்..."

"நீ உங்கப்பாகிட்ட இரும்மா."

வாசலில் கால் வைக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. உள்ளே மெஷின் ஓடவில்லை.

செபஸ்தியான் கட்டிலில் இல்லை. மூக்குக் குழாயை இழுத்துக்கொண்டே ஜன்னல்வரை வந்திருக்கிறார். ஜன்னலைத் திறந்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தபடி கம்பியைப் பிடித்திருந்தார். வலது கைச் சட்டை தோள்வரை மழையில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. கையை வெளியே நீட்டி ஆட்டியிருக்க வேண்டும். தெருவில்தான் யாருமில்லையே. எல்லோரும் ஒன்பதாம் நம்பரில் இருந்தார்கள், அவளும் சேர்த்து.

அவள் போட்ட கூச்சல் தகரப் பந்தலையும் மழையையும் தாண்டிக் கேட்டது.

குமரகுரு, அவரைக் கிடத்த ஒரு பாயும் வேட்டியும் எடுத்துவரத் தன் வீட்டுக்கு ஓடினார். முன்னறையில் நுழைந்தவர் அப்படியே நின்றார். சுவர் பேட்டரியின் சின்னத் திரையில் ஒரு கேள்வி காத்திருந்தது.

‘பதினான்காம் எண் வீட்டுக்குக் கொடுக்கலாமா? முழுசா, பாதி, வேண்டாம்.’ அதற்குக் கீழே, ‘பதில் வரவில்லை.’

பேட்டரியின் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

அவர் திரும்பி வந்தபோது பூபாலன் பதினாலாம் நம்பர் பேட்டரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். அதில் சிவப்பு எரிந்தது. இளவேனிலும் வந்து கதவோரம் நின்றிருந்தாள்.

"என்னடா ஆச்சு?" என்றார் குமரகுரு. "எங்க வீட்ல இன்னும் மஞ்சள்தான்டா எரியுது. இங்க எப்படிச் செவப்பு வந்துது?"

பூபாலன் குரலை அடக்கிக்கொண்டு பேசினான். "ஒன்பதாம் நம்பர்ல தீந்ததும், ஐஸ் பெட்டிக்குப் பூட்டத் தொறந்து இங்கருந்து எடுத்துருக்கு தலைவரே."

"எல்லா வீட்லருந்தும்தானே எடுக்கும்?"

"மொத்தமா எல்லார்ட்டருந்தும் எடுத்தா எல்லா வீடும் இருட்டாயிரும்னு, ஒவ்வொண்ணா எடுக்கும். கேட்டுக்கிட்டிருந்த காலத்துல எந்த வீடு ஒவ்வொரு சாவுக்கும் மொதல்ல, முழுசா, யோசிக்காம குடுத்துச்சோ, அங்கருந்துதான் ஆரம்பிக்கும். மனசு நோவாம குடுக்குற எடத்துல எடுக்கணும்னு அதுவா கத்துக்கிட்டது." அவன் பேட்டரியைத் தொட்டுக் காட்டினான். "அந்த வரிசைல மொத வீடு இதுதான்."

"சரி, எடுத்துருச்சு. ஆக்சிஜன் மெஷின் நின்னுதுல்ல? அதுக்கு எங்ககிட்டருந்து எடுத்துக் குடுக்க வேண்டியதுதானே, மூதேவி!"

"கேட்டுருக்கே தலைவரே. எல்லார் வீட்லயும் கேட்டுருக்கு. எழவுக்குத்தான் கேக்காம எடுக்கும். நோயாளிக்குக் கேட்டுட்டுதான் எடுக்கும். நாம யாரும் வீட்ல இல்ல. அந்த மெஷினுக்கு வழக்கமா நாம யாரும் பதில் சொல்லாததுனால, விடாம கேக்கணும்னும் அதுக்குத் தெரியல."

"அப்ப அந்தப் பேட்டரிக்குச் செத்தவன்தான் பெருசா? உசுரோட இருக்குறவன் பெருசு இல்லியா?"

"அதுக்கு எது பெருசுன்னு தெரியாது" என்றான் பூபாலன். "நாம எத பெருசா வெச்சமோ அதத்தான் வெச்சுருக்கு. ரிப்பேர் எதுவும் இல்ல தலைவரே. நான் முழுசா பாத்துட்டேன்."

குமரகுரு பாயை விரிக்கத் தொடங்கினார். வாசலில் நின்றவர்களில் சிலர் மெதுவாகப் பின்வாங்கித் தங்கள் தங்கள் வீட்டுப் பக்கம் போனார்கள். எல்லோர் வீட்டுச் சுவரிலும் அந்தக் கேள்வி எரிந்துகொண்டிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். போகவும் முடியவில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை.

இளவேனில் கதவைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் ஆன்ட்டி" என்றாள். "நான் வர்ற வரைக்கும் வைங்கன்னு சொல்லாம இருந்திருந்தா... எங்கப்பா இத ஒத்துக்கிட்டிருக்கவே மாட்டாரு."

சகாயராணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்பட முயன்றிருப்பாள் போலிருக்கிறது. அது வரவில்லை. "நீ உங்கப்பா மொகத்தப் பாக்கணும்னு கேட்ட. அது தப்பா?" என்றாள். "நான்தாம்மா கேக்க வேணாம்னேன். நானேதான் எந்திரிச்சு நின்னு சொன்னேன். ஊரே கைதட்டுச்சு."

தில்லைநாயகத்தை அன்று மாலையே எடுத்தார்கள். சுடுகாடு மேட்டில் இருந்தது, கொட்டகையும் உண்டு. கொள்ளி வைக்க மகளே போனாள். சங்கு சத்தம் மழையோடு தெரு முனைவரை போய்த் தேய்ந்தது.

கல்லறைத் தோட்டம் பள்ளத்தில் இருந்தது. தண்ணீர் வடியாமல் குழி தோண்ட முடியாது, இரண்டு மூன்று நாளாவது ஆகும் என்று ஆலயத்திலிருந்து ஃபாதர் சொல்லி அனுப்பினார். அதனால் காலியான ஐஸ் பெட்டியை நான்கு பேர் தூக்கிக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் நடந்து, ஒன்பதாம் நம்பரிலிருந்து பதினாலாம் நம்பருக்குக் கொண்டுவந்தார்கள். அதில் ஒருத்தன் பூபாலன். இன்னொருவர் குமரகுரு. தூக்குகிற வயது இல்லை என்று மற்றவர்கள் தடுத்தும் கேட்கவில்லை.

செபஸ்தியானை உள்ளே கிடத்தி, மார்பில் ஜெபமாலையை வைத்தார்கள். நனைந்த சட்டையை மாற்றச் சகாயராணி விடவில்லை. பூபாலன் ஒயரை இழுத்துப் பிளக்கில் சொருகினான்.

சுவரில் சிவப்பு அணைந்தது. ஒரு கணம் எதுவும் எரியவில்லை. பிறகு பச்சை எரிந்தது. அந்த மழை தொடங்கியதிலிருந்து அந்தத் தெருவில் யாரும் அப்படி ஒரு பச்சையைப் பார்க்கவில்லை. தெருவிலிருந்த அத்தனை வீடுகளின் கடைசிக் கால் பங்கும் பூட்டைத் திறந்துகொண்டு, யாரையும் கேட்காமல், ஒன்றன்பின் ஒன்றாகப் பதினாலாம் நம்பரை நோக்கி வந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிர் வரிசை ஜன்னல்களில் வெளிச்சம் ஒவ்வொன்றாகக் குறைந்தது.

"இனிமே நிக்காதுக்கா" என்றான் பூபாலன். ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னான். "எத்தன நாளானாலும் தாங்கும். தெரு மொத்தமும் இங்கதான் வருது."

சகாயராணி அந்தப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எல்லாம் மத்தியானம் எங்க தம்பி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

பேச்சில் யாருக்கும் மடங்காத பூபாலன் பிளக்கை இன்னொருமுறை அழுத்திப் பார்த்தான்.

அப்போது உள்ளறையில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு மாவு மெஷின் தூரத்தில் ஓடுவதுபோல் அந்தச் சத்தம் தொடங்கியது. ஆக்சிஜன் மெஷினின் சுவிட்சை யாரும் அணைக்கவில்லை. வீட்டுக்கு மின்சாரம் வந்ததும் அது தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. ஜன்னலோரம் தரையில் கிடந்த மூக்குக் குழாயின் முனையிலிருந்து சன்னமாகக் காற்று சீறிக்கொண்டிருந்தது.

சுடுகாட்டிலிருந்து ஈரத் தலையோடு அப்போதுதான் வந்து நின்ற இளவேனிலுக்கு அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு அணைப்பதற்காக உள்ளே ஓடினாள்.

"வேணாம்மா" என்றாள் சகாயராணி. "வுட்டுரு. ஓடட்டும்."

ஐஸ் பெட்டிமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, உள்ளறையிலிருந்து வருகிற சத்தத்துக்குக் காது கொடுத்தாள். வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்பாளே, அது போலவே கேட்டாள். அந்த மெஷினை அன்றைக்கு யாரும் அணைக்கவில்லை.